குறுக்குத் தையல்

பிப்ரவரி 3

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி வருகிறது, போகிறது. உன் இருமல் விட்டதா? வெந்நீர் குடி என்று எழுதினால் குடிக்கப் போவதில்லை, இருந்தாலும் எழுதுகிறேன்.

போனில் சொல்லியிருக்கலாம். போனில் நீ "சரிக்கா, சரிக்கா" என்று பாதியில் வைத்துவிடுவாய். கடிதம் என்றால் கடைசி வரி வரை படித்தாக வேண்டும். என் கோபத்துக்கு அவ்வளவு இடம் வேண்டும்.

நேற்றுக் காலை என் ஆன்லைன் கடையைத் திறந்தால் பைகளில் பாதியைக் காணோம். இருபத்திரண்டு பைகளின் பக்கங்கள் போய்விட்டன. அந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு கட்டம், அதற்குள் ஒரு வரி: "போலிப் பொருள் விற்பனை குறித்த புகாரின் பேரில் நீக்கப்பட்டது." போலியாம்! புகார் கொடுத்தது யார் தெரியுமா? அந்த ஏணி முத்திரை போட்ட பெரிய கம்பெனி. அவர்கள் ஒரு கைப்பையை விற்கிற விலையில் நான் இன்னொரு தையல் மிஷினே வாங்கிவிடுவேன். அவர்கள் பையை நான் கையால் தொட்டதுகூட இல்லை.

உன் அத்தான் வேலை செய்கிற சோபா பட்டறையில் மிச்சம் விழுகிற துணியைத் துவைத்து, வெட்டி, லைனிங் வைத்து நான் தைக்கிறேன். கூடத் தைப்பது கண்ணாடியும் வேகமும். (இரண்டு பேரையும் உனக்குத் தெரியும். ஒருத்திக்கு மூக்குக் கண்ணாடி, இன்னொருத்திக்கு மிஷின் வேகம்.) மூன்று பேரும் குனிந்து குனிந்து முதுகு ஒடியத் தைத்ததற்குப் பெயர் போலியா?

நீ பெரிய கடைகளுக்குப் படம் சரிபார்க்கிற ஆபீஸில்தானே இருக்கிறாய்? அங்கே யாருக்காவது இந்த விஷயம் தெரியுமா, கேட்டு எழுது.

உன் அக்கா

•

பிப்ரவரி 14

அன்புள்ள அக்காவுக்கு,

இருமல் இல்லை. அறையில் ஆறு பேர் இருக்கிறோம், ஜன்னல் ஒன்று. அதுவும் அடுத்த கட்டடத்தின் சுவரைப் பார்க்கிறது. மற்றபடி குறையில்லை. அம்மாவுக்கு என் அன்பைச் சொல்.

கோபப்படாமல் ஒன்று பார். நீக்கப்பட்ட பக்கங்களில் பையின் பெயர் என்னவென்று போட்டிருந்தது? தலைப்பில் அந்தக் கம்பெனியின் பெயர் எங்காவது இருந்ததா? "ஏணி மாதிரி", "ஏணி மாடல்", "ஏணி ஸ்டைல்" என்று எதுவாக இருந்தாலும் தப்புதான். பை உன்னுடையதாக இருந்தாலும், இன்னொருவர் பெயரைச் சொல்லி விற்றால் டிரேட்மார்க் சட்டப்படி அவர்கள் கேட்கலாம். கீழே விளக்கத்தில் போட்டாலும், தேடுவதற்காக யார் கண்ணிலும் படாமல் கொடுக்கிற சொற்களில் போட்டாலும் அதே கதைதான். ஒரிஜினல் இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டால் தப்பித்துவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். தப்பிக்க முடியாது.

ஜிப்பின் பிடியையும் கொக்கியையும் பார். சந்தையில் மொத்தமாக வாங்குகிற உலோகத் துண்டுகளில் முத்திரை அடித்திருப்பார்கள். கவனிக்காமல் வாங்கியிருப்பாய்.

பெயரை எடுத்துவிட்டு, திருத்திவிட்டேன் என்று உன் கடை இருக்கிற விற்பனைத் தளத்துக்கு அமைதியாக எழுது. அமைதியாக என்பதை இரண்டு தடவை படி.

தம்பி

•

பிப்ரவரி 25

அன்புள்ள தம்பிக்கு,

நலம். உன் ஒற்றை ஜன்னலும் நலமாக இருக்கட்டும்.

உன் கடிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டு நேராக போட்டோ ஸ்டுடியோக்காரரிடம் போனேன். படம் எடுத்து, பக்கத்தில் ஏற்றி, பெயர் எழுதுவதெல்லாம் அவர்தானே. இருபத்திரண்டிலும் "ஏணி மாடல் கைப்பை" என்று தட்டி வைத்திருக்கிறார்.

"நான் தச்ச பைக்கு அவன் பேரு எதுக்குய்யா?" என்று கேட்டேன்.

"எல்லாரும் அப்படித்தாங்க போடறாங்க. தேடறவங்க அதைத்தான் தேடறாங்க. உங்க பேரைப் போட்டா உங்க வீட்டு ஆளுங்ககூடத் தேட மாட்டாங்க."

கடைக்குள் நாலு பேர் நின்றிருந்தார்கள். பாஸ்போர்ட் படத்துக்கு உட்கார்ந்திருந்தவர் சிரிப்பை அடக்கியதில் அவர் படமே கோணிவிட்டது. நான் போட்ட சத்தம் தெருவுக்குக் கேட்டிருக்கும்.

உன்னிடம் மறைப்பானேன். அந்தப் பெயர் அங்கே இருந்தது எனக்கு நாலு மாதமாகத் தெரியும். அது வந்த பிறகுதான் பைகள் மளமளவென்று போயின. தெரியாத மாதிரி இருந்துவிட்டேன். அந்த அளவுக்கு என் மேல் தப்பு. ஆனால் பெயரைத் திருடினாய் என்று சொல்லட்டும், கேட்டுக்கொள்கிறேன். போலி என்று ஏன் சொல்ல வேண்டும்? பையில் என்ன போலி?

நீ சொன்னபடி எல்லாப் பக்கத்தையும் நானே உட்கார்ந்து திருத்தி எழுதினேன். ஜிப் பிடிகளில் ஒரு பொட்டலம் முழுக்க நுணுக்கமாக ஏணி அடித்திருந்தது. கண்ணாடிதான் கண்டுபிடித்தாள். மொத்தத்தையும் பழைய இரும்புக்குப் போட்டோம். நேற்றுப் பக்கங்கள் திரும்பி வந்துவிட்டன. இன்னொரு புகார் வந்தால் கடை முழுவதும் மூடப்படும் என்று ஓர் எச்சரிக்கையும் கூட வந்தது.

உனக்கு இவ்வளவு விவரம் எப்படித் தெரிந்தது? வக்கீலுக்குப் படித்தவன் மாதிரி எழுதியிருக்கிறாய்.

அக்கா

•

மார்ச் 12

அன்புள்ள அக்காவுக்கு,

பக்கங்கள் வந்தது சந்தோஷம். இங்கே வேலை அதிகம். உடம்புக்கு ஒன்றுமில்லை.

ஒன்று கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதே. உன் பையின் வாரில் இரண்டு நாடாக்களுக்கு நடுவே குறுக்காக ஒரு தையல் போடுவாயே, அது இல்லாமல் தைக்க முடியாதா? ஒரே அகல நாடாவாக வைத்தால் என்ன? யோசித்துப் பார்.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

தம்பி

•

மார்ச் 20

அன்புள்ள தம்பிக்கு,

எல்லோரும் சுகம். அம்மா காய்கறி வாங்க நடந்தே போய் வருகிறாள், அவ்வளவு தேறிவிட்டாள்.

ஆறு வரியில் ஒரு கடிதம், அதில் நாலு வரி என் வாரைப் பற்றி. உனக்கு என்ன ஆயிற்று?

அகல நாடா தோளில் சுருண்டு கயிறு மாதிரி ஆகிவிடும். ஆறு வருஷத்துக்கு முன்னால் முதல் பையைத் தைத்து அம்மாவிடம் கொடுத்தேன். நாலு நாள் தூக்கிவிட்டு, "தோளை அறுக்குதுடி, இது பையா கத்தியா?" என்று திருப்பிக் கொடுத்தாள். அப்புறம்தான் மெல்லிய நாடா இரண்டை இடைவெளி விட்டு வைத்து, இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு குறுக்குத் தையல் போட்டுப் பார்த்தேன். சுருளவில்லை, நழுவவில்லை, தோளும் வலிக்கவில்லை. வாங்குகிறவர்கள் அந்த வாருக்காகத்தான் திரும்ப வருகிறார்கள். அதை எடுத்துவிட்டால் என் பையில் மிச்சம் இருப்பது வெறும் சோபாத் துணி.

ஆஸ்பத்திரி நர்ஸம்மா ஒருவர் தன்னோடு வேலை செய்கிறவர்களுக்கெல்லாம் சேர்த்து அறுபது பை கேட்டிருக்கிறார். எட்டு மணி நேரம் தோளில் கிடக்கிற பை வேண்டுமாம். அதனால் வாரை மாற்றுகிற பேச்சே கிடையாது.

எதற்காகக் கேட்டாய் என்று எழுது.

அக்கா

•

ஏப்ரல் 18

தம்பிக்கு,

ஒரு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. உடம்பு சரியில்லையா? போன் அடித்தால் எடுக்கவில்லை. இரண்டு நாளைக்குப் பிறகு "வேலையில் இருக்கேன்" என்று ஒரு செய்தி மட்டும் வருகிறது.

பத்தாம் தேதி கடையை மொத்தமாக மூடிவிட்டார்கள். இந்த முறை பெயரும் இல்லை, ஜிப்பும் இல்லை. புகாரில் என்ன எழுதியிருக்கிறது தெரியுமா? "இணையாகச் செல்லும் இரு கோடுகளும் அவற்றை இணைக்கும் குறுக்குக் கோடுகளும் கம்பெனியின் ஏணி முத்திரையைப் போல் உள்ளன." என் வாரைச் சொல்கிறார்கள்! இரண்டு கோடும் நடுவில் ஒரு குறுக்குக் கோடும் இவர்கள் சொத்து என்றால், ரயில் தண்டவாளம் யாருடையது? ஜன்னல் கம்பி யாருடையது? பள்ளிக்கூடப் பிள்ளை நோட்டில் கட்டம் போட்டால் அதற்கும் புகார் எழுதுவார்களா?

நர்ஸம்மா போன் செய்தார். நல்ல மனுஷி, குரலில்தான் தயக்கம். "நான் ஏற்கெனவே வாங்கினது டூப்ளிகேட்டாங்க? எங்க வார்டுல எல்லாரும் கேக்கறாங்க" என்றார். முப்பத்தெட்டுப் பை தைத்து அடுக்கி வைத்திருக்கிறோம். வேகம் வந்து மிஷின் முன்னால் சும்மா உட்கார்ந்துவிட்டுப் போகிறாள். "வீட்டுல இருந்தா அழுகை வருதுக்கா" என்கிறாள்.

தளத்துக்கு எழுதினால் "உங்கள் பொறுமைக்கு நன்றி" என்று பதில் வருகிறது. என் பொறுமையை இவர்கள் எங்கே பார்த்தார்கள்?

உடனே எழுது.

அக்கா

•

மே 2

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். தாமதத்துக்கு மன்னித்துக்கொள்.

நீ மறுப்பு மனு கொடுக்கலாம். தளத்தின் பக்கத்திலேயே அதற்கு இடம் உண்டு. திட்டாதே, நடந்ததை மட்டும் எழுது. ஆறு வருஷமாக இந்த வாரைத் தைக்கிறாய் என்பதற்கு ஆதாரம் சேர்: தேதி போட்ட பழைய படங்கள், பழைய வாடிக்கையாளர்களின் கடிதங்கள், கிடைத்தால் பழைய பையே. குறுக்குத் தையல் அழகுக்கு இல்லை, வார் சுருளாமல் இருப்பதற்கு என்பதைத் தெளிவாகச் சொல். அவர்கள் ஏணி உலோகத்தில் செய்தது, பையின் மூடியில் இருக்கும். உன்னுடையது நூல், வாரில் இருக்கிறது. இரண்டின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அனுப்பு.

உன் கடைக்கு ஒரு பெயரும் சின்னமும் யோசித்துப் பதிவு செய்துகொள். நாளைக்கு வேறு யாராவது உன் பெயரில் விற்றால் உனக்கும் கேட்க உரிமை வேண்டும்.

படங்களையும் மாற்று. அம்மாவின் கை பையைப் பிடித்திருக்கிற அந்தப் படத்தில் வார் பெரிதாக, கோடாக மட்டும் தெரிகிறது. பை முழுவதும் தெரிகிற மாதிரி எடுக்கச் சொல்.

தம்பி

•

மே 11

தம்பிக்கு,

நலம் விசாரிக்க இன்று மனசில்லை.

அம்மாவின் கை தெரிகிற படத்தை ஏப்ரல் ஒன்பதாம் தேதி மத்தியானம் ஏற்றினோம். பத்தாம் தேதி காலையில் கடையை மூடிவிட்டார்கள். ஒரு நாள்கூட முழுசாக இல்லை. உனக்கு நான் அதை அனுப்பவில்லை. அம்மாவிடம் போன் கிடையாது. ஸ்டுடியோக்காரருக்கு உன்னைத் தெரியாது.

நீ அதை எங்கே பார்த்தாய்?

போனில் சொல்லாதே. எழுது.

அக்கா

•

ஜூன் 15

அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தை ஏழு தடவை எழுதிக் கிழித்தேன்.

என் ஆபீஸ் பெரிய கடைகளுக்குப் படம் சரிபார்க்கிறது என்று சொன்னது பொய் இல்லை. பாதியைச் சொன்னேன். பெரிய கம்பெனிகள் எங்களிடம் தங்கள் முத்திரைகளைக் கொடுக்கும். அதைப் போல் இருக்கிற பொருள்களை ஆன்லைனில் தேடிப் பிடித்துப் புகார் கொடுப்பது எங்கள் வேலை. நாற்பது நாற்காலி, நாற்பது திரை. கம்ப்யூட்டரே படங்களைப் பொறுக்கிக்கொண்டு வந்து முன்னால் போடும். கீழே மூன்று பொத்தான்: விடு, புகார், மேலதிகாரி. ஒரு படத்துக்கு ஒன்பது விநாடி. "விடு" அதிகமாக அமுக்கினால், வாரக் கடைசியில் சூப்பர்வைசர் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். அப்படிக் கூப்பிடப்பட்ட இரண்டு பேர் அடுத்த வாரம் நாற்காலியில் இல்லை.

உனக்கு வந்த முதல் புகார் நான் கொடுத்தது இல்லை. மார்ச்சில் ஏணிக் கம்பெனி புது உத்தரவு அனுப்பியது. குறுக்குக் கோடு போட்ட வார், பட்டை, பெல்ட் எல்லாவற்றையும் பிடிக்கச் சொன்னது. அப்போதுதான் உன்னிடம் வாரை மாற்றச் சொன்னேன். காரணம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஏப்ரல் பத்தாம் தேதி காலை உன் பை என் திரையில் வந்தது. கடையின் பெயர் காட்ட மாட்டார்கள், படம் மட்டும்தான். ஆனால் மணிக்கட்டில் இஸ்திரிப்பெட்டி சுட்ட தழும்போடு ஒரு கை. அது யார் கை என்று எனக்குத் தெரியாதா? உறவுக்காரர் பொருள் வந்தால் மேலதிகாரிக்கு அனுப்ப வேண்டும் என்று விதி இருக்கிறது. அனுப்பியிருந்தால், இத்தனை நாள் உன் வாரை அடையாளம் கண்டு எத்தனை தடவை "விடு" அமுக்கினேன் என்று தோண்டுவார்கள். மறுபடி "விடு" அமுக்கினால் வாரக் கடைசியில் என் பெயரைக் கூப்பிடுவார்கள். பயந்துவிட்டேன். ஏழாவது விநாடியில் புகாரை அமுக்கினேன். இரண்டு விநாடி மிச்சம் இருந்தது, அக்கா.

இத்துடன் ஒரு தாள் வைத்திருக்கிறேன். அந்தப் புகாரைக் கொடுத்தது நான், உன் பையைக் கம்பெனியில் யாரும் பார்க்கவே இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இதை மனுவோடு அனுப்பினால் புகார் நிற்காது. என் வேலையும் நிலைக்காது. அனுப்பு.

தம்பி

•

ஜூன் 29

தம்பிக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு வெட்டுகிற மேசையின் அடியில் போய் உட்கார்ந்துவிட்டேன். வேகம் கத்தரிக்கோல் விழுந்துவிட்டதோ என்று குனிந்து பார்த்தாள். அவளிடம் என்ன சொல்வது?

ஊர் பேர் தெரியாத ஒருவன் செய்திருந்தால் திட்டித் தீர்த்திருப்பேன். ரயில் தண்டவாளம் யாருடையது என்று உன்னிடம்தானே கேட்டேன்! அதைப் படித்துவிட்டு, மறுநாள் போய் அதே நாற்காலியில் உட்கார்ந்து, இன்னும் எத்தனை பேர் வாரைப் பிடித்தாய்? அவர்களுக்கெல்லாம் மனு எழுதச் சொல்லித் தர தம்பி இருக்கிறானா? முத்திரையைத் திருடுகிறவனைப் பிடிக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. திருடினது நானா இல்லையா என்று பார்க்க ஒன்பது விநாடிதானா? ஒரு பொத்தான் தைக்கக்கூட எனக்கு அதைவிட அதிக நேரம் ஆகும்.

மனுவை மே கடைசியிலேயே அனுப்பிவிட்டேன். ஒரு டீச்சரம்மா ஆறு வருஷத்துக்கு முன்னால் வாங்கிய பையைத் தேடி எடுத்துக் கொடுத்தார். அடிப்பக்கம் நைந்து போயிருந்தது, வார் அப்படியே இருந்தது. அதைப் படம் எடுத்து வைத்தேன். நர்ஸம்மா ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தார். உன் தாளை வைக்கவில்லை. வைக்கவும் மாட்டேன். என் பை போலி இல்லை என்று நிரூபிக்க, என் தம்பி போலி என்று நான் எழுதிக் கொடுக்க வேண்டுமா? பை பேசட்டும், பேசாவிட்டால் போகட்டும்.

இதை மன்னிப்பு என்று நினைத்துக்கொள்ளாதே.

அக்கா

•

ஜூலை 10

அக்காவுக்கு,

உன் கடிதம் வந்து சேரும் முன்பே நான் சூப்பர்வைசரிடம் போய்விட்டேன். போகும்போது டிரேட்மார்க் பதிவேட்டில் ஏணிக் கம்பெனியின் பதிவைத் தேடி எடுத்துக்கொண்டு போனேன். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், அக்கா. ஒன்றரை வருஷமாக அந்த நாற்காலியில் உட்கார்ந்தும் நான் பார்த்தது அன்றைக்குத்தான். ஐந்து படி வைத்த உலோக ஏணி, கைப்பையின் மூடி மேல். அவ்வளவுதான் பதிவு. வாரைப் பற்றி ஒரு சொல் இல்லை. நூலைப் பற்றியும் இல்லை.

"இது எங்க அக்கா பை சார். நான் தப்பா அமுக்கிட்டேன். பதிவுல இப்படி எதுவும் இல்ல" என்று காட்டினேன்.

அவர் காகிதத்தைக் கையில் வாங்கவே இல்லை. "இதைப் படிக்கச் சொல்லியா உனக்குச் சம்பளம் தர்றோம்?"

"அப்ப புகார்ல எழுதினது பொய் இல்லையா சார்?"

"பொய்யா இருந்தா அவங்க மனு கொடுப்பாங்க. கொடுக்காட்டி அது பொய் இல்ல. நூத்துல தொண்ணூறு பேர் கொடுக்கறதில்லப்பா."

நாற்பது பேரும் திரையைப் பார்த்தபடியே காதை இங்கே வைத்திருந்தார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில், "அந்தத் தொண்ணூறு பேருக்கும் எழுதத் தெரியாது சார். அதைத்தான் நாம நம்பியிருக்கோம்" என்று கத்திவிட்டேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. சாயங்காலம் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள்.

அறைக்கு இந்த மாதம் முடியும் வரை உரிமை உண்டு. அதற்குப் பிறகு என்ன என்று தெரியவில்லை. உன்னிடம் எதையும் கேட்கிற நிலையில் நான் இல்லை.

தம்பி

•

ஜூலை 24

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் சுகம். நீ சாப்பிடுகிறாயா?

திங்கட்கிழமை கடை திரும்ப வந்தது. "உங்கள் பக்கங்கள் மீண்டும் செயல்படுகின்றன." அவ்வளவுதான். என் மனுவாலா, நீ போட்ட சத்தத்தாலா, யாருக்கும் தெரியாது. சொல்லவும் மாட்டார்கள். மூன்று மாதம் எங்களைப் போலி என்று சொல்லி வைத்தவர்களுக்கு, இல்லை என்று ஒரு வரி எழுத விரல் வரவில்லை. அதனால் நானே எழுதினேன். இதுவரை வாங்கிய ஒவ்வொருவருக்கும், நடந்தது என்ன என்று கையால் எழுதி அனுப்பிக்கொண்டிருக்கிறேன். கண்ணாடி உறையில் விலாசம் எழுதுகிறாள். ஏணிக்காரர்களுக்கும் ஒன்று போயிருக்கிறது, பதிவுத் தபாலில். அதில் நான் அமைதியாக எழுதவில்லை.

நர்ஸம்மா நாற்பது பை எடுத்துக்கொண்டார். மீதி இருபது பேர் வேறெங்கோ வாங்கிவிட்டார்களாம். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

உன் மேல் கோபம் போகவில்லை. போகிற மாதிரியும் தெரியவில்லை. ஆனால் தப்பான புகாருக்குப் பதில் எழுதத் தெரியாமல் இந்தத் தெருவிலேயே மூன்று பேர் இருக்கிறார்கள். செருப்பு விற்கிறவர், துப்பட்டா விற்கிற இரண்டு பெண்கள். உனக்கு எழுதத் தெரியும். வா.

நான் உனக்கு எழுதாத விஷயம் ஒன்று இருக்கிறது. கடை மூடின நாளிலிருந்து அம்மா தினமும் காலையில், டம்ளரைக் கழுவிக் கவிழ்க்கும்போது, அந்தப் புகார் கொடுத்தவனைத் திட்டுகிறாள். "எவ பெத்த பிள்ளையோ, நாலு பொம்பளைங்க வயித்துல அடிச்சுட்டுப் போயிட்டான். அவளுக்கு வளக்கத் தெரியல" என்கிறாள். இன்று காலையும் சொன்னாள். ஜூன் பதினைந்துக் கடிதத்தைப் படித்த நாளிலிருந்து அதைக் கேட்டுக்கொண்டு எதிரில் நிற்பது நான்தான். என்னால் இனி முடியாது.

நீயே வந்து அவள் முன்னால் உட்கார்ந்து சொல். எந்த ரயில் என்று எழுது, அத்தான் ஸ்டேஷனுக்கு வருவார்.

உன் அக்கா